புகுமுக ஆண்டு



ஆடி மாதத்தின் நடுவில் சென்னையிலிருந்து தலைநகருக்கு வரும் தமிழ்நாடு விரைவு வண்டியில் ஒருவகைப் பயணியரை எளிதில் அடையாளம் கண்டுகொள்ளலாம். பூட்டு இன்னும் பளபளக்கும் புதுப் பெட்டி. பருப்புப் பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் அடங்கிய பை. சான்றிதழ்க் கட்டை மடியை விட்டு இறக்காத தந்தை. சன்னலோரத்தில், பேச்சுக் குறைந்துபோன பதினெட்டு வயது இளைஞன் அல்லது இளம்பெண். ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர் கடந்து புது தில்லி நிலையத்தில் இறங்குகிறார்கள். தந்தை மூன்று நாள் தங்கிக் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டுவார். விடுதியோ வாடகை அறையோ பார்த்துக் கொடுப்பார். பிறகு ஊர் திரும்புவார். அதற்குப் பிறகுதான் பல்கலைக்கழகத்தின் முதலாண்டு உண்மையில் தொடங்குகிறது.

இதே வாரத்தில், மயூர் விகாரிலும் இராமகிருஷ்ணபுரத்திலும் முப்பது ஆண்டுகளாகக் குடியிருந்துவரும் தமிழ்க் குடும்பங்களிலிருந்தும் பிள்ளைகள் அதே கல்லூரிகளுக்குப் புறப்படுகின்றனர். இவர்களுக்கு வழி தெரியும், இந்தி தெரியும், இரவில் உறங்கச் சொந்த வீடு உண்டு. ஆகவே இவர்களுக்கு இடர்ப்பாடு ஒன்றும் இராது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அவ்வெண்ணம் முழுதும் சரியன்று என்பதைப் பின்னர்க் கூறுவேன்.

நம் தந்தையர் காலத்தில் பள்ளிக்கும் பட்டப்படிப்புக்கும் நடுவே ஓர் இடைகழி இருந்தது. அதற்குப் 'புகுமுக வகுப்பு' என்று பெயர். பதினாறு வயதுப் பிள்ளை ஓராண்டுக் காலம் கல்லூரிக் கட்டடத்தில் அமர்ந்து, ஆங்கிலத்தில் பாடம் கேட்கவும், குறிப்பெடுக்கவும், மணியடித்தவுடன் அறை மாறி ஓடவும் பழகிக்கொண்டான். 1978-இல் தமிழ்நாட்டில் மேனிலைக் கல்வி வந்தபோது அவ்வாண்டு கல்லூரியை விட்டுப் பள்ளிக்குப் பெயர்ந்தது. அதில் நன்மைகள் பல இருந்தன. சிற்றூர்ப் பிள்ளைகள் தம் ஊரை விட்டு அகலாமலே மேலும் ஈராண்டு படிக்க முடிந்தது. ஆனால் இடைகழி போயிற்று. இன்று வாயிற்படி தாண்டியதும் கூடம்தான். அதனால் பட்டப்படிப்பின் முதலாண்டையே புகுமுக ஆண்டாகக் கருதுவது தக்கது என்பது என் எண்ணம். பெயரும் நல்ல பெயர்; மொழிபெயர்ப்புக்காரர்கள் இத்தகைய ஒரு சொல் கிடைத்தால் எளிதில் விடமாட்டார்கள்.

அந்தக் கூடம் எத்தகையது என்று சற்றே பார்ப்போம். தில்லிப் பல்கலைக்கழகம் 1922-இல் மூன்று கல்லூரிகளோடு தொடங்கியது. இன்று கல்லூரிகள் ஏறத்தாழத் தொண்ணூறு. 2022 முதல் நாடு தழுவிய பொது நுழைவுத் தேர்வின் வழியாகவே பட்டப்படிப்புக்கு இடம் அளிக்கப்படுகிறது. அதே ஆண்டில் நான்காண்டுப் பட்டப்படிப்பும் நடைமுறைக்கு வந்தது. முதற் பருவத்து மாணவன் தன் துறையில் மூன்று தாள்கள், பிற துறையில் ஒன்று, அவற்றோடு மொழி அல்லது சுற்றுச்சூழல், ஒரு திறன், ஒரு பண்பு என மூன்று சிறு தாள்கள் படிக்க வேண்டும். ஆக ஏழு. பள்ளியில் ஐந்தாறு பாடங்களை ஓராண்டு முழுவதும் ஆற அமரப் படித்தவனுக்கு இங்கு ஏழு தாள்களுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 15 வாரங்கள். வண்டி எப்போது புறப்பட்டது என்று அவன் உணர்வதற்குள் இரண்டு நிலையங்கள் கடந்துவிடுகின்றன.

இவ்வளவும் வெளிப்படையான மாறுதல்கள், ஒருவாறு பழகிவிடும். ஆனால் முதலாண்டில் தடுமாறும் மாணவர் பலரிடம் நான் காண்பது வேறொன்று. அவர்கள் அறிவிற் குறைந்தவர்கள் அல்லர், சோம்பேறிகளும் அல்லர். அவர்கள் எவரையும் எதையும் கேட்பதில்லை. வகுப்பில் புரியாததைக் கேட்பதில்லை. அலுவலகத்தில் படிவம் எங்கே என்று கேட்பதில்லை. பக்கத்து அறை மாணவனிடம் குறிப்பேடு கேட்பதில்லை. வீட்டில் பணம் போதவில்லை என்று கேட்பதில்லை. தமிழில் 'கேள்வி' என்ற சொல்லுக்குச் செவிமடுத்தல், வினவுதல் என்ற இரு பொருளும் உண்டு. திருக்குறளில் அப்பெயரால் ஓர் அதிகாரமே இருக்கிறது. அங்கு அது கற்றோர் சொல்லைச் செவியால் நுகர்தல். நம் பள்ளிகள் அந்த முதற்பொருளை நன்றாகவே பயிற்றிவிடுகின்றன. இரண்டாம் பொருளுக்குப் பல்கலைக்கழகம் வரும்வரை வேலையே வருவதில்லை. ஐயம் தோன்றுமுன் விடை அச்சிட்டுத் தரப்பட்டுவிடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுகிறேன். சிந்துவெளி நாகரிகம் வீழ்ந்தமைக்குக் காரணங்கள் யாவை என்ற வினாவுக்குப் பள்ளியில் ஐந்து குறிப்புகள் எழுதினால் ஐந்து மதிப்பெண். வரலாறு படிக்க வந்த மாணவன் அதே வினாவைக் கல்லூரியில் வேறு கோலத்தில் சந்திக்கிறான். வெளியிலிருந்து வந்தோரின் படையெடுப்பே காரணம் என்று மார்ட்டிமர் வீலர் 1940-களில் கருதினார். மொகஞ்சதாரோவில் கிடைத்த எலும்புக்கூடுகளைச் சான்று காட்டினார். அவை ஒரு படுகொலைக்குச் சான்றாகமாட்டா என்று 1964-இல் ஜார்ஜ் டேல்ஸ் மறுத்தார். பின்வந்தோர் ஆறுகள் போக்கு மாறியதையும் மழை குறைந்ததையும் பேசினர். எழுத்தைப் பற்றிய வழக்கோ இன்றும் தீரவில்லை. ஐராவதம் மகாதேவனும் அஸ்கோ பர்ப்போலாவும் அதன் மொழி திராவிட இனத்தது எனக் கொண்டு பல்லாண்டு ஆராய்ந்தனர். 2004-இல் வெளிநாட்டு அறிஞர் மூவர், அது எழுத்தே அன்று என்று ஒரு கட்டுரை எழுதினர்.

இவற்றை எல்லாம் ஒரு வாரத்தில் கேட்ட மாணவன் விடுதிக்குத் திரும்பி, "ஆக, எதுதான் சரி? தேர்வில் எதை எழுதுவது?" என்று திகைக்கிறான். ஆசிரியர் தனக்கு விடை சொல்லாமல் ஏமாற்றிவிட்டார் என்றுகூட நினைக்கிறான். விடையை விட்டுவிட்டு வழக்கைக் கொடுப்பதுதான் இங்குள்ள முறை என்பதை அவனுக்கு எவரும் தனியே அழைத்துச் சொல்வதில்லை. யார் எந்தச் சான்றைக் கொண்டு என்ன சொன்னார், அச்சான்று அவ்வளவு பாரத்தைத் தாங்குமா என்று எடைபோட்டு எழுதுவதே இங்கு விடை. தமிழ் மாணவனுக்குச் சிந்து எழுத்துப் பற்றிய அந்தக் கட்டுரையைப் படித்ததும் சினம் வருவதுண்டு. வரட்டும், பாடம் முதன்முதலாக அவன் உடம்பில் பட்டிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். அந்தச் சினத்தோடு நூலகத்துக்குப் போய் மகாதேவனின் ஆய்வையும் எதிர்க்கட்சியின் ஆய்வையும் அருகருகே வைத்துப் படித்தானானால், முதலாண்டின் பெரும்பகுதியைக் கடந்துவிட்டான் என்றே சொல்லலாம்.

பயிலும் முறையைப் பற்றி ஒரு சொல். நம் பிள்ளைகள் தேர்வுக்கு முன் அதே பக்கத்தை மூன்று முறை, நான்கு முறை படிப்பார்கள். 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஒரு குழுவினர் ஒரு பகுதியைத் திரும்பப் படித்தனர். மற்றொரு குழுவினர் ஒருமுறை படித்து, ஏட்டை மூடி, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தனர். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினர். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோதோ எழுதிப் பார்த்தவர்கள் முந்தினர். ஏடு திறந்திருக்கும்போது நமக்கு வரும் தெளிவு பெரும்பாலும் ஏட்டினுடையது. மூடிய பிறகு எஞ்சுவது எவ்வளவு என்று தன்னையே கேட்டுக்கொள்வதும் கேள்விதான்.

இனி மொழிக்கு வருவோம். தமிழ்நாட்டில் 1968 முதல் அரசின் கொள்கை தமிழும் ஆங்கிலமும் என்ற இருமொழிக் கொள்கை. ஆகவே அங்கிருந்து வரும் மாணவர் பெரும்பாலோர்க்கு இந்தி தெரியாது. வகுப்பில் பாடம் ஆங்கிலத்தில்தான் தொடங்கும். ஆயினும் ஆசிரியர் ஒரு கடினமான இடத்தை விளக்க முற்படும்போது இந்தி தானாகப் புகுந்துவிடும். வகுப்பு முழுவதும் சிரிக்கும். நம் மாணவன் ஒரு நொடி கழித்துத் தானும் சிரிப்பான். அந்த ஒரு நொடி நேரத் தனிமை மிகக் கொடியது. "அவ்விடத்தை மறுபடி ஆங்கிலத்தில் கூற இயலுமா?" என்று கையுயர்த்திக் கேட்கும் உரிமை அவனுக்கு உண்டு, பெரும்பாலான ஆசிரியர்கள் அதற்காக முகம் சுளிக்கமாட்டார்கள். கடைத்தெருவுக்கும் உணவுச்சாலைக்கும் வேண்டிய இந்தி மூன்று திங்களில் வந்துவிடும். அதை மானப் பிரச்சினையாக்கிக்கொண்டு பேசாதிருப்பதால் தமிழுக்கு ஒரு பயனும் இல்லை, வயிறுதான் வாடும்.

தமிழ்வழிப் பள்ளியிலிருந்து வந்தவனுக்கு ஆங்கிலமே சுமை. ஒரு பக்கம் படிக்க அரைமணி நேரமாகிறது என்று நாணுகிறான். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் அவனுக்கு ஒன்று கூறுவேன். தமிழில் சிந்திப்பது குறையன்று. பத்தி முழுவதையும் படித்து, அது என்ன சொல்கிறது என்று தமிழில் ஒரே வாக்கியம் ஓரத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு அந்தக் கருத்தைத் தனக்குத் தெரிந்த எளிய ஆங்கிலத்தில் எழுத வேண்டும். சொல்லுக்குச் சொல் அகராதி பார்த்துப் போகிறவன்தான் நடுவழியில் நின்றுவிடுகிறான். கருத்தைப் பிடித்தவன் மொழியைப் பிடித்துவிடுவான். முதற் பருவத்தில் அரைமணி நேரம் எடுத்த பக்கம் இரண்டாம் பருவத்தில் பத்து நிமிடத்துக்கு வந்துவிடுவதை நான் பலரிடம் கண்டிருக்கிறேன்.

தில்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்ணின் நிலை இதற்கு நேர்மாறானது. ஆகவே நம் கண்ணுக்குப் படுவதில்லை. வெளியூர்ப் பிள்ளை ஊரை விட்டு வந்ததால், அவன் வாழ்க்கை மாறிவிட்டது என்பதை எல்லாரும் ஒப்புக்கொள்கிறார்கள். இவளோ காலையில் அதே வாயிலில் இறங்கிப் போய் மாலையில் அதே வாயிலில் ஏறி வருகிறாள். "வீட்டில்தானே இருக்கிறாய்?" என்று பாட்டிக்கு மருந்து வாங்கும் வேலையும், ஊரிலிருந்து வந்த விருந்தினரை வடபழனிக்கு ஒப்பான நம் மலைக்கோயிலுக்கு அழைத்துப் போகும் வேலையும் அவளுக்கே வருகின்றன. கல்லூரிக்குப் போக ஒரு மணி, வர ஒரு மணி மெட்ரோவில் கழிகிறது. காலை வகுப்புக்கும் பிற்பகல் வகுப்புக்கும் நடுவில் மூன்று மணி நேரம் வெற்றாக இருக்கிறது. அவ்வேளையில் நூலகத்தில் இருந்து படித்தால் மாலையில் வீட்டுக்கு வரும்போதே பாதி வேலை முடிந்திருக்கும். ஆனால் அதை அவளுக்குச் சொல்வோர் இல்லை. மாலையில் நேரங்கழித்து வந்தால் வினவுவோர் மட்டும் உளர். பிள்ளை கல்லூரியில் சேர்ந்த அன்றே அவளுடைய பாட அட்டவணையை வாங்கிச் சமையலறைக் கதவில் ஒட்டிவைப்பது நன்று. வீடும் முதலாண்டு மாணவன்தான்.

அவளுக்கு வேறொரு சங்கடமும் உண்டு. வகுப்பில் அவளைத் தமிழச்சி என்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்த மாணவர்களோ, தமிழ் பேசுகிறாள், படிக்கத் தெரியவில்லையே என்று வியக்கிறார்கள். இதற்கு வருந்த வேண்டியதில்லை. மொழித் தாளில் இந்திய மொழிகளுள் ஒன்றைக் கற்க இடமிருக்கிறது. தமிழ் கற்பிக்கும் கல்லூரியாயின் தமிழையே எடுத்துக்கொள்ளலாம். அவளுக்கு இந்தி தெரியும், அவனுக்குத் தமிழ் எழுத்துத் தெரியும். இருவரும் ஒரே மேசையில் அமர்ந்தால் இரு பக்கமும் கடன் தீரும்.

வீட்டை எவ்வளவு விடுவது, எவ்வளவு வைத்துக்கொள்வது என்பது பழைய வினா. வின்சென்ட் டின்டோ என்ற அமெரிக்கப் பேராசிரியர், மாணவர்கள் ஏன் படிப்பை நடுவில் விடுகிறார்கள் என்பது பற்றி 1987-இல் ஒரு நூல் வெளியிட்டார். பிறந்த கூட்டத்தைப் பிரிதல், நடுவில் தத்தளித்தல், புதிய கூட்டத்தில் சேர்தல் என மூன்று படிகளைக் கூறினார். இப்படிகளை அவர் எடுத்துக்கொண்டது, சடங்குகளைப் பற்றி வான் கெனப் என்ற அறிஞர் 1909-இல் எழுதிய நூலிலிருந்து. மணமான பெண் புக்ககம் போவதைக் கண்ட நமக்கு இது புதிதன்று. ஆனால் சிறுபான்மைக் குடிகளிலிருந்து வரும் மாணவர்களை ஆராய்ந்த பிறர், 'பிரிதல் வேண்டும்' என்ற பகுதியை ஒப்பவில்லை. தம் குடும்பத்தோடும் குலத்தோடும் உறவு அறாதிருப்பதே அத்தகையோர்க்கு ஊன்றுகோல் என்றனர். நான் இப்பின்னவர் கட்சியைச் சேர்ந்தவன். மறுவீடு அழைப்பது நம் வழக்கத்தில் வீணாக ஏற்பட்டதன்று. தூரத்து உறவினர் பிள்ளையாயினும், சொந்த ஊர்ப் பிள்ளையாயினும், பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொல்லுங்கள். வந்தவுடன் மதிப்பெண் கேளாதீர்கள். இரசஞ்சாதம் உள்ளே போன பிறகு பேச்சுத் தானே வரும்.

மதிப்பெண்ணைப் பற்றித்தான் மிகுதியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பள்ளியில் முதல்வனாக வந்தவன் இங்கே நாற்பது முதல்வர்களோடு அமர்ந்திருக்கிறான். முதல் உள்தேர்வில் பத்துக்கு நான்கு வாங்குகிறான். வாழ்நாளில் அவன் கண்டிராத எண் அது. அதை அவன் வீட்டுக்குச் சொல்வதில்லை. தொலைபேசியில் அம்மா "சாப்பிட்டாயா?" என்கிறாள், "சாப்பிட்டேன்" என்கிறான். "படிப்பு?" "நன்றாகப் போகிறது." அடுத்த வகுப்புக்குப் போனால் அதே ஆசிரியரைப் பார்க்க வேண்டுமே என்று ஒரு நாள் போகாமலிருக்கிறான். பிறகு ஒரு வாரம். தேர்வெழுத மூன்றில் இரண்டு பங்கு வருகை வேண்டும் என்பது விதி. அந்த எண்ணிக்கையும் சரிகிறது. இப்போது மறைக்க வேண்டியவை இரண்டாகின்றன. டிசம்பர்க் குளிரில், தேர்வுக்கு முந்தின வாரம், அவன் அறைக்குள் தனியே இருக்கிறான். வெளியில் எவருக்கும் ஒன்றும் தெரியாது. இங்கே உண்மையாகவே உயிர் ஆபத்து உண்டு. இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

ஆகவே பெற்றோர் சில செய்திகளை முன்பே அறிந்திருத்தல் வேண்டும். அறிந்திருப்பதைப் பிள்ளைக்கும் தெரியச் செய்ய வேண்டும். ஒரு தாளில் தவறினால் ஓராண்டு போய்விடுவதில்லை. அத்தாளை மீண்டும் எழுதலாம். எடுத்த துறை ஒவ்வாது என்று கண்டால் அதுவும் உலகத்தின் முடிவன்று. இப்போதைய முறையில் முதலாண்டை உரிய அலகுகளோடு முடித்து வெளியேறுபவர்க்குச் சான்றிதழும், இரண்டாம் ஆண்டு முடித்தவர்க்குப் பட்டயமும், மூன்றாம் ஆண்டு முடித்தவர்க்குப் பட்டமும் உண்டு. பெற்ற அலகுகள் 2021-இல் ஏற்படுத்தப்பட்ட கல்வி அலகு வங்கியில் கணக்காக நிற்கும். "நான்கு வாங்கினாயா? சரி, ஆசிரியரிடம் விடைத்தாளைக் காட்டி எங்கே குறைந்தது என்று கேட்டாயா?" என்று தந்தை ஒருமுறை இயல்பான குரலில் வினவிவிட்டால், அந்தப் பிள்ளைக்கு மறைக்க வேண்டிய பாரம் பாதி குறைந்துவிடும். மகன் படிப்பதற்காக நிலத்தை அடகு வைத்ததை வாரந்தோறும் நினைவூட்டுவது வேறு விளைவைத் தரும்.

பகடி வதை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு 1997-இல் அதைத் தடுக்கச் சட்டம் இயற்றியது. ஈராண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க அதில் இடமுண்டு. உச்ச நீதிமன்றத்தின் ஆணைகளை ஒட்டிப் பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் நாடு முழுவதற்கும் விதிகள் வகுத்தது. மாணவரும் பெற்றோரும் உறுதிமொழி எழுதித் தருவது அவ்விதிகளின்படிதான். 'மூத்தவர்கள் விளையாட்டாகச் செய்தார்கள்' என்று பொறுத்துக்கொள்ளும்படி எந்தப் பிள்ளைக்கும் அறிவுரை கூறாதீர்கள். நட்பாகப் பெயர் கேட்பதும் பாட்டுப் பாடச் சொல்வதும் எங்கே முடிந்து எங்கே கொடுமை தொடங்குகிறது என்பதை வேண்டாம் என்று சொன்ன பிறகும் நிற்காததிலிருந்து அறியலாம்.

எழுதுகோல் கையில் இருப்போர் இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பகடி வதை பற்றி முறையிட, இரவு பகல் எந்நேரமும், கட்டணமின்றி அழைக்க வேண்டிய எண் 1800-180-5522. மனச்சோர்வு கண்டவர்களுக்காக மத்திய அரசு 2022 அக்டோபரில் 'டெலி மானஸ்' என்ற பெயரில் தொடங்கிய எண் 14416. அதில் தமிழிலும் பேசலாம். அழைப்பவர் மாணவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பிள்ளையின் குரலில் மாறுதல் கண்ட தாயும், ஞாயிற்றுக்கிழமை வருவதை நிறுத்திவிட்ட பையனைப் பற்றிக் கவலைப்படும் அண்டை வீட்டாரும் அழைத்து என்ன செய்யலாம் என்று கேட்கலாம். எண்ணை மறுமுறை கூறுகிறேன்: 14416.